லீவுக்குக் கலந்து கட்டி அஞ்சு புஸ்தகம்

…கூடப் பொறந்தவளே என்னப் பாத்துச் சொல்றா தம்பி, “உனக்கு ரசனை பத்தாதுக்கா”ன்னு! காலங்காத்தால, வாய் நெறைய நுரையோட, பல்லு தேய்ச்சுக்கிட்டே சொல்றா. எனக்கு! ஷட்டரத் தூக்கினதுலேர்ந்து எறக்கற வரைக்கும் பழைய புஸ்தகம், பழைய புஸ்தகம், பழைய புஸ்தகம்னு கெடக்கறவ நான். இந்தக் கடைத் தூசில பாதி அலமாரியில இருக்குன்னா மீதி என் மூக்குக்குள்ள இருக்கு. எனக்கு ரசனை பத்தாதாம்!

உள்ள வாங்க, ஏன் வாசல்லயே நிக்கறீங்க. செருப்போடயே வரலாம். அந்த அட்டைப்பெட்டிய மட்டும் இடிச்சிராதீங்க, உள்ள பூரா அகராதி, கால் மேல விழுந்தா கால் போயிடும். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒரு கால் குட்ட. அதுக்குத்தான் அடியில ஒரு புஸ்தகத்த அண்டக் குடுத்திருக்கேன். ஐயோ, அத ஏன் குனிஞ்சு எடுக்கறீங்க, விடுங்க! பாவமா இருக்கா? என்ன பாவம்? அட்டையும் கெடையாது, மொதப் பக்கமும் கெடையாது. பேரு என்ன, எழுதினது யாரு, ஒண்ணும் தெரியாது. இந்தக் கடையில நான் படிக்காத புஸ்தகம் அது ஒண்ணுதான். யாரு எழுதினதுன்னு தெரியாம படிச்சு என்ன பண்றது? நல்லா இல்லன்னா யாரத் திட்டறது?

ம்… என்ன கேட்டீங்க? கொஞ்சம் சத்தமா தம்பி, ஃபேன் சத்தத்துல காது கேக்கல. லீவுக்கா? அஞ்சு புஸ்தகமா? கலந்து கட்டியா? அப்படிப் போடுங்க! லீவுக்கு ஆபீஸ மூடறாங்க, எல்லாருமா சேந்து கடலோரத்துல ஒரு வீடு புடிச்சிருக்கீங்க, நாளைக்குக் கெளம்பணும்… தெரியும், தெரியும். எப்படித் தெரியும்னா… இருங்க, அதுக்கு வர்றேன்.

கலந்து கட்டின்னு கேக்கத் தோணுச்சே உங்களுக்கு, அதுவே பெருசு. இங்க வர்றவங்க யாராவது அப்படிக் கேப்பாங்களா? பல் டாக்டர் ஒருத்தர் வருவாரு. சண்ட நடந்த சரித்திரம் மட்டும்தான் வேணும் அவருக்கு. நாள் பூரா ரத்தத்தப் பாத்துட்டு லீவுலயும் ரத்தமான்னு ஒரு வார்த்த கேட்டேன், இப்ப என் பக்கமே திரும்ப மாட்டேங்கறாரு. அப்புறம் பாட்டு டீச்சர். அவ்வளவு மெதுவா பேசுவாங்க, பக்கத்துல போயி காதக் குடுக்கணும். அவங்களுக்குக் கொலைக்கதை! அதுலயும் ஒரு கொலை பத்தாது. “இதுல எத்தன பேர் போறாங்க?”ன்னு என்னக் கேட்டுட்டுத்தான் பையில போடுவாங்க. எங்க வீட்டுக்காரர் கத வேற. சமையல் புஸ்தகமாப் படிப்பாரு. அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா முழிப்பாரு. மல்லாக்கப் படுத்துக்கிட்டு, “பாரேன், வெங்காயத்த இவ்வளவு பொறுமையா வதக்கணுமாம்”னு எங்கிட்ட சொல்லுவாரு. எழுந்து போயி வதக்கறது நானு.

லீவுப் பைன்னா அது ஒரு குடும்பம் மாதிரி இருக்கணும் தம்பி. ஒண்ணு சிரிக்க வெக்கணும், ஒண்ணு பயமுறுத்தணும், ஒண்ணு உர்ருன்னு மூலையில உக்காந்திருக்கணும். இந்தாங்க, இது பேய்க்கதை. பகல்லயே படிச்சிருங்க, கடலோர வீட்டுல ராத்திரி ஜன்னல் கதவு தானா அடிச்சுக்கும். இது சின்னச் சின்னக் கதைங்க, ரெண்டு பக்கம், மூணு பக்கம். ஒரே பாத்ரூமுக்கு ஆபீஸே வரிசையில நிக்கும் பாருங்க, அப்பப் படிக்க. இது கவித. கவிதைய அவக்கு அவக்குன்னு படிக்கக் கூடாது, ஒண்ணப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் கடலப் பாக்கணும். இது சரக்குக் கப்பல்ல சமையல்காரரா ஊர் ஊராப் போன ஒருத்தர் எழுதினது. எந்த ஊர்லயும் அவரு எறங்கவே இல்ல, பாத்திரந்தான் கழுவினாரு. ஆனா என்னமா எழுதியிருக்காருங்கறீங்க! இது… அப்பா, தூக்க முடியல… இது குண்டு நாவல். லீவுல இத முடிச்சவங்க யாரும் இல்ல. ஆனாலும் பையில இருக்கணும். மடியில வெச்சிருந்தாலே ஒரு மரியாத, தூக்கம் வந்தா தலகாணி. இதுல கடைசியில அந்தப் பெரியவரு என்ன பண்றாருன்னா—

சொல்லல, சொல்லல! கையக் கீழ எறக்குங்க. வாய் வரைக்கும் வந்துடுச்சு, முழுங்கிட்டேன்.

எங்கிட்ட இருக்கற ஒரே கெட்ட பழக்கம் இதுதான் தம்பி. முடிவு தெரிஞ்சா வாயில நிக்காது. அதுக்காக, கூடப் பொறந்தவ, “நீ குடுக்கற புஸ்தகத்தத் தொட மாட்டேன்”னு சபதம் போடலாமா? என் தங்கச்சி. எங்களோடதான் இருக்கா. எனக்கும் அவளுக்கும் வயசு ரொம்ப வித்தியாசம், அதனால இன்னிக்கும் சின்னதுன்னுதான் கூப்பிடறேன். படிக்கற காலத்துல ஒரு தடவ சின்னதுக்குப் பரீட்ச முடிஞ்சது, ஆசையா ஒரு துப்பறியும் கதைய எடுத்துக்கிட்டு ஜன்னலோரமா உக்காந்தா. நான் பக்கத்துல காய் நறுக்கிக்கிட்டிருந்தேன். “அந்தத் தோட்டக்காரன் மேல ஒரு கண்ணு வெச்சுக்க”ன்னேன். அவ்வளவுதான்! பேரக்கூடச் சொல்லல தம்பி, தோட்டக்காரன்னுதான் சொன்னேன். புஸ்தகத்த மூடினவதான். இந்தக் கடையில இத்தன அலமாரி இருக்கு, வீட்டுல ஒரு புஸ்தகக்காரி இருக்கேன், அவ வெளியிலேர்ந்து எரவல் வாங்கிப் படிக்கறா. பேக்கரிக்காரன் பொண்டாட்டி ரொட்டி வெளிய வாங்கற மாதிரி!

இப்ப என்னடான்னா, ஆபீஸ்ல யாரோ ஒருத்தராம். கட்டடத்துக்குப் படம் வரையற ஆபீஸ் அவளுது. அங்க பக்கத்து மேஜையாம். அதிகம் பேச மாட்டாராம். மாசத்துக்கோ ரெண்டு மாசத்துக்கோ ஒரு தடவ, ஒரு புஸ்தகத்த அவ மேஜையில வெச்சிட்டு, தொண்டையக் கனைச்சிட்டுப் போயிடுவாராம். “என்ன ரசனைக்கா அவருக்கு! எறும்பப் பத்தி ஒண்ணு குடுத்தாரு பாரு, அந்த மாதிரிப் புஸ்தகத்தத் தேடி எடுக்க ஒரு மனசு வேணும். உனக்கு வராது.” வராதாம்! “நெறையப் படிச்சவங்கதான் கொறச்சலாப் பேசுவாங்கக்கா”ங்கறா. அப்ப நான்? நான் யாரு?

ஏன் தம்பி காது செவக்குது? வெக்கையா இருக்கா? ஃபேன இந்தப் பக்கம் திருப்பட்டுமா?

இப்ப இதக் கேளுங்க. புஸ்தகத்துக்கு முதுகு கிழிஞ்சுதுன்னா நான் துணி ஒட்டுவேன். பக்கத்துத் தையல்காரம்மாகிட்டேர்ந்து வெட்டி மிஞ்சின துண்டெல்லாம் வாங்கி, நீளமா நறுக்கி, பசை தடவி ஒட்டிடுவேன். பாருங்க, இந்த அலமாரி பூரா… கோடு, கட்டம், பூ, புள்ளி. ஒரு நாளு அவ ரூம்ல பெட்ஷீட் மாத்தப் போனேன். தலகாணிக்கு அடியில ஒரு புஸ்தகம் கவுந்து கெடக்கு. முதுகுல ஆரஞ்சுல வெள்ளக் கோடு. நான் ஒட்டின துணி எனக்குத் தெரியாதா? இந்தப் புஸ்தகத்த யாருக்குக் குடுத்தோம்னு யோசிச்சேன். முழுக்கைச் சட்ட. மூக்குக்கண்ணாடி. வந்தா தொண்டையக் கனைக்கும். “ஏதாவது நல்லதா ஒண்ணு”ன்னு கேக்கும். குடுத்தத வாங்கிட்டுப் போகும், அட்டையக்கூடப் பாக்காது…

நிமிந்து உக்காருங்க தம்பி. ஸ்டூல் ஆடும்னு சொன்னேன்ல.

எங்க எழுந்திரிக்கறீங்க? உக்காருங்க! கோவம்லாம் ஒண்ணும் இல்ல. நான் எடுத்துக் குடுத்தத அங்க வெச்சிட்டு எனக்கில்லாத ரசனைய நீங்க வாங்கிக்கிட்டுப் போறீங்க, அதுக்குக் கோவப்பட முடியுமா? சிரிக்கத்தான் வேணும். சரி, உண்மையச் சொல்லுங்க. குடுத்ததுல எதையாவது படிச்சீங்களா? ஒண்ணு? பாதி? முன்னுரையாவது? ம்க்கும்.

அப்ப எதுக்கு ஆரம்பிச்சீங்க? ம்… ம்… சாப்பாட்டு நேரத்துல எப்பவும் படிச்சுக்கிட்டே இருப்பா, ஆமா. ஒரு நாளு புஸ்தகம் முடிஞ்சு போயி சும்மா உக்காந்து ஜன்னலப் பாத்துக்கிட்டிருந்தா. அதப் பாத்துட்டு மனசு கேக்காம வந்தீங்களா? அதச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம் கையப் பெசஞ்சீங்க? நல்ல புள்ள.

நல்ல புள்ளதான், ஆனா வசமா மாட்டிக்கிட்டீங்களே! நேத்து பெட்டி அடுக்கும்போது சின்னது என்ன சொன்னா தெரியுமா? “இந்த லீவுல அவரோட உக்காந்து ஒவ்வொரு புஸ்தகமாப் பேசப் போறேன்க்கா”ன்னா. யோசிச்சுப் பாருங்க. கடலு, வராந்தா, ரெண்டு நாற்காலி. அவ கேப்பா, “ராணி எறும்பு கூடு கட்டறதுக்கு முன்னாடி தன் றெக்கையத் தானே கழட்டிப் போட்டுடுதே, அதப் படிச்சப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” நீங்க என்ன சொல்வீங்க? “நல்லா இருந்துச்சு”ன்னா? அப்புறம் அவ அடுத்தது கேப்பா. அதுவும் நல்லா இருந்துச்சா? மூணாவதுலயே புரிஞ்சுக்குவா. பொய்ய மட்டும் அவளால தாங்கவே முடியாது. மூக்கு நுனி செவந்துடும், பேச மாட்டா, அவ்வளவுதான். பக்கத்து மேஜை எதிர்க் கோடிக்குப் போயிடும்.

பயப்படாதீங்க, நான் எதுக்கு இருக்கேன்? எல்லாக் கதையும் மளமளன்னு சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. நீங்க கடைசியா வாங்கிட்டுப் போனீங்களே, கலங்கரை விளக்கத்துல ரெண்டு சகோதரிங்க, அதுல பெரியவதான்—

வேணாமா? ஏன்? அட, சும்மா கேட்டு வெச்சுக்கோங்க, யாருக்குத் தெரியப் போகுது… ம்… “இதுவரைக்கும் பொய் சொல்லல, சும்மா வெச்சிட்டுத்தான் வந்தேன். இப்பச் சொன்னா அது பொய்யாயிடும்.” அடேயப்பா. கடைக்கு வர ஆரம்பிச்சதுலேர்ந்து நீங்க பேசின நீளமான பேச்சு இதுதான் தம்பி.

சரி விடுங்க. இந்த அஞ்சையும் கட்டித் தர்றேன், போறதுக்குள்ள முடிஞ்சத… இந்தப் பேய்க்கதை முதுகு கொஞ்சம் வாயப் பொளந்திருக்கு, பசை வெக்கணும். துணி என்னவோ அழகான துணி. குட்டிக் குட்டியா செவப்புக் குடை. நீங்க மொதமொதல்ல வாங்கினீங்களே, அந்த எறும்புப் புஸ்தகத்துக்கும் இதேதான். ரெண்டும் ஒரே நாளு ஒட்டினது. அந்த வாரம் தையல்காரம்மா கடையத் தொறக்கல, துணி இல்ல. வீட்டுல கட்டிலுக்கு அடியில ஒரு பை இருந்துச்சு, அதுலேர்ந்து… எதுவோ… மடிப்புலேர்ந்து ஓரமா ரெண்டே ரெண்டு துண்டு…

ஐயையோ.

ஐயையோ தம்பி. இது என் தங்கச்சி கவுனு!

சின்ன வயசுல அம்மா தச்சுக் குடுத்தது. இந்தக் குடை கவுனத் தொவைக்கக்கூட கழட்ட மாட்டா, ஈரத்தோடயே போட்டுக்கிட்டுத் திரிவா. பத்தாமப் போனப்ப அப்படி அழுதா. “இத யாருக்கும் குடுக்காத, கிழிச்சு மேஜ தொடைக்காத”ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா. நானும் பத்திரமாத்தான் வெச்சிருந்தேன். பத்திரமா வெச்சு பத்திரமா வெச்சு அது என்னன்னே மறந்துட்டேன். பழைய துணின்னு வெட்டிட்டேனே!

இருங்க. இருங்க, பேசாதீங்க. எறும்புப் புஸ்தகத்த நான் அவ ரூம்ல பாத்தேன், ஆனா முதுகப் பாக்கல. அதுக்கு மட்டும் தாள்ல அட்ட போட்டு வெச்சிருந்தா. “இதுக்கு மட்டும் எதுக்குடி அட்ட?”ன்னேன். “அழுக்காயிடும்க்கா”ன்னா. அன்னிக்குத்தான்… ஆமா, அன்னிக்கேதான், சாப்பிடும்போது கேட்டா, “அக்கா, என் குடை கவுன் பத்திரமா இருக்கா?” பத்திரமா இருக்குடின்னு சொன்னேன். சிரிச்சா. தட்டப் பாத்துக்கிட்டே சிரிச்சா தம்பி! என்னடி சிரிப்புன்னா ஒண்ணும் இல்லங்கறா.

அப்ப அவளுக்குத் தெரியும்.

மொதப் புஸ்தகத்துலேர்ந்தே தெரியும்! எங்கேர்ந்து வருது, யாரு எடுத்துக் குடுக்கறா, எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, “அவரு ரசனை உனக்கு வராதுக்கா, உனக்குப் பத்தாதுக்கா”ன்னு… தினம்… பல்லு தேய்க்கும்போது… என்ன ஓட்டியிருக்கா! நானும் பைத்தியக்காரி மாதிரி உங்ககிட்ட போட்டிக்கு நின்னேன். “என்னடி பெரிய ரசனை, எறும்பப் பத்திப் படிக்கறதெல்லாம் ஒரு ரசனையா?”ன்னு நானே என்னக் கேவலமாப் பேசியிருக்கேன். என் கையால வாங்கினா முடிவச் சொல்லிடுவேன். உங்க கையால வந்தா முடிவு வராது, புஸ்தகம் மட்டும் வரும். தொட மாட்டேன், தொட மாட்டேன்னவ, நான் எடுத்து வெச்ச ஒவ்வொண்ணையும் படிச்சிருக்கா தம்பி. எறும்ப ரெண்டு தடவ படிச்சிருக்கா.

கண்ணுல தூசி. இந்தக் கடையில வேற என்ன இருக்கு, தூசிதான்.

ஏன் மொகம் இப்படி வெளுத்துப் போச்சு உங்களுக்கு? அட, நீங்க படிக்கலங்கறதும் அவளுக்குத் தெரிஞ்சுதான் இருக்கும், ஆமா. ஆனா யோசிங்களேன். கதைதான் வேணும்னா அவளுக்குக் கடையா இல்ல? தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கறான்னா என்ன அர்த்தம்? பிடிக்காதவங்க குடுத்தா பச்சத் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டா அவ. வராந்தாவுல உக்காந்து பேசப் போறேன்னாளே, அது புஸ்தகத்தப் பத்தி இல்ல தம்பி. நீங்க உண்மையச் சொல்றீங்களா, இல்ல “நல்லா இருந்துச்சு”ங்கறீங்களான்னு பாக்கப் போறா.

அதனால இந்த அஞ்சும் வேணாம். வெய்யுங்க கீழ. நான் எடுத்துக் குடுத்தத நீங்க தூக்கிட்டுப் போறது போதும். நீங்களா ஒண்ணு பாருங்க. ஒண்ணே ஒண்ணு, உங்களுக்குன்னு. எதையாவது தொறந்து நாலு வரி படிங்க, ஒத்து வரலன்னா வெச்சிட்டு அடுத்தது எடுங்க. அவ்வளவுதான் இது, பெரிய வித்தையெல்லாம் இல்ல. நான் வாயத் தொறக்கல. உள்ள போயி பசைய எடுத்துட்டு வர்றேன்…

…உள்ளேர்ந்தே சொல்றேன் கேக்குதா? எடது ஓரம் மேல் தட்டுல இருக்கறது பூரா பயணம். அதுல பச்ச அட்ட எடுத்துராதீங்க, பயங்கர அறுவ. கீழ இருக்கறது நாடகம். தம்பி, இந்தப் பசை டப்பா மூடிய யாரு இப்படி இறுக்கினது… நாந்தான்… கேக்குதா? வாய்விட்டுச் சிரிக்கணும்னா கல்யாணத் தரகர் ஒருத்தர் எழுதினது இருக்கு, ஜன்னல் பக்கம், மூணாவதோ நாலாவதோ. என்ன சத்தம் அது? ஸ்டூலா? அடி கிடி பட்டுதா? தம்பி?

தம்பி?

போயிட்டீங்களா? கதவு மணி அடிக்கலையே… அஞ்சு புஸ்தகமும் மேஜ மேல அப்படியே இருக்கு. ஸ்டூல் சாஞ்சு கெடக்கு. அதுக்கு அண்டக் குடுத்தது எங்க—

ஓ.

அங்கயா உக்காந்திருக்கீங்க? தரையில உக்காந்தா சட்டையெல்லாம்… தம்பி, அது மொதப் பக்கமே இல்லாத புஸ்தகம், அத எதுக்குப் போயி… நான் சொல்றது காதுல விழுதா? விழல. பக்கத்தத் திருப்பறாரு. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துடுச்சு, தள்ளி விட்டுக்கக்கூடத் தோணல.

சரி. நான் பேசல.

…இந்த ஃபோன் வேற இப்பத்தான் அடிக்கணுமா! ஹலோ… சொல்லுடி. மெதுவாப் பேசு. ஏன்னா ஏன்தான், மெதுவாப் பேசுன்னா பேசேன். ஆமா, கடையிலதான் இருக்காரு. கூப்பிட மாட்டேன். படிச்சுக்கிட்டிருக்காருடி. ம்… நெஜமாத்தான். நான் எடுத்துக் குடுக்கலடி, அவராவே எடுத்தது, சத்தியமா. எல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சுடி, நீ என்ன ஓட்டினது போதும். கவுனா? கவுனப் பத்தி வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்… சிரிக்காத, காது அடைக்குது. என்ன புஸ்தகமா? பேரு தெரியாது. என்ன கதையா? தெரியலையே. முடிவா? இல்லடி, ஒளிக்கல, அது ஒண்ண மட்டும் நான் படிக்கவே இல்ல. எங்கிட்ட கேட்டா என்ன சொல்றது? நீ அவரத்தான் கேக்கணும்.